தொட்டி மீன் குஞ்சு போட்டதும் ஃபில்டரை நிறுத்தாதீங்க

"குஞ்சு போட்டா 2 வாரம் ஃபில்டரை ஆஃப் பண்ணிடுங்க"ன்னு மேலே சொல்லியிருக்கீங்க அண்ணா. தயவுசெஞ்சு யாரும் அப்படிப் பண்ணாதீங்க. மீன் கழிவை முறிக்கிற பாக்டீரியா ஃபில்டர் பஞ்சுலதான் குடியிருக்கு. நீரோட்டம் நின்னா ஆக்சிஜன் கிடைக்காம அது சாகும், கழிவுல வர்ற அம்மோனியாங்கிற விஷம் தண்ணியில ஏறும், முதல்ல போறது குஞ்சுதான்.

கும்பகோணத்துல எங்க வீட்டுத் தொட்டியில கப்பி மீன் குஞ்சு ஒரு பொன்னி அரிசி நீளம்தான் இருந்துச்சு. குஞ்சு உள்ளே இழுபடாம இருக்க, ஃபில்டர் உறிஞ்சுற வாய்ல பஞ்சைச் சுத்தி ரப்பர் பேண்ட் போட்டேன். குஞ்சுங்க அந்தப் பஞ்சுமேலேயே கொத்திக் கொத்தி மேஞ்சுதுங்க! ஏர் பம்புல ஓடுற ஸ்பாஞ்ச் ஃபில்டர் இன்னும் நல்லது. பஞ்சை அலசும்போது குளோரின் கலந்த குழாய்த் தண்ணி வேண்டாம், தொட்டித் தண்ணியிலேயே பிழியுங்க.

குஞ்சு ஒளிய வாய்க்கால்ல எடுத்த வேலம்பாசிங்கிற நீர்ச்செடியைப் போடுறவங்க நல்லா உதறிப் போடுங்க. தும்பிப் புழு ஒண்ணு உள்ளே வந்தாலும் குஞ்சைப் பிடிச்சுத் தின்னுடும்.