பள்ளம் தோண்டினாதான் வேலையா?

சாக்கடைக் குழாய் ரிப்பேரைப் பத்தி ஒருத்தர் போட்ட வீடியோவைப் பாத்ததுல இருந்து மனசே ஆறல. "ரோட்டை வெட்டாம பழைய சாக்கடைக் குழாய்க்குள்ள உறை மாட்டிட்டுப் போறாங்க, சும்மா ஒட்டு வேலை"ன்னு எவ்ளோ ஈசியா சொல்லிட்டார், கீழ அத்தனை கைதட்டல் வேற.

ஒட்டு இல்லங்க அது. ரெசின்ல, அதாவது சூடு பட்டா இறுகுற பிசின்ல, ஊறின ஃபெல்ட் துணிக் குழாயை உள்ள அனுப்பி, சுடுதண்ணியோ நீராவியோ விட்டு இறுக வைக்கிறாங்க. இறுகிட்டா பழைய குழாய்க்குள்ள புதுசா இன்னொரு குழாய், பழசு மொத்தமா வலு போனாலும் மேல இருக்கிற மண் பாரத்தைத் தானே தாங்குற அளவுக்குத் தடிமன் கணக்குப் போட்டுத்தான் செய்வாங்க. 1971ல லண்டன்ல எரிக் வுட்ங்கிறவர் ஆரம்பிச்சது, இன்னுமா ஒட்டு?

குழாய்க்குள்ள கேமரா விட்டு எடுத்த படங்களைப் பாக்குறது என் வேலை. ஒரு பெரிய கான்கிரீட் குழாய், தண்ணி ஓடுற அடிப்பாகம் நல்லாத்தான் இருந்துச்சு, மேல் வளைவுல மட்டும் சிமெண்ட் கரைஞ்சு ஜல்லி பல்லைக் காட்டுது, கம்பி துருப்பிடிச்சுத் தொங்குது. கழிவுல இருந்து கிளம்புற ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை மேல ஈரத்துல இருக்கிற பாக்டீரியா கந்தக அமிலமா மாத்திடும், அது தின்ன இடம்தான் அது. பக்கத்துல இருந்தவர் "ஓடுதுல்ல, விடுங்க"ன்னார். இப்பவும் அந்த வார்த்தை குத்துது.

உறை போட்டா குழாய் சின்னதாகும்னு வருவீங்க. ஆகும், யார் இல்லன்னா? ஆனா உள்ள வழவழன்னு ஆயிடுது, சொரசொரப்பு போயிடுது, அதனால பல இடத்துல ஓட்டம் பெருசா குறையாது. உறைக்குப் பதிலா சின்னக் குழாயை உள்ள தள்ளி இடைவெளில சிமெண்ட் கலவை அடைக்கிற முறைல கொஞ்சம் அதிகமாவே குறையும், அதைக் கணக்குப் பாத்துட்டுத்தான் செய்யணும். ரெசின்ல இருந்து வர்ற ஸ்டைரீன்ங்கிற ரசாயனத்தோட நாத்தமா? காத்தோட்டம் வெச்சு ஒழுங்கா செய்யச் சொல்லுங்க, முறையே தப்புன்னு சொல்லாதீங்க.

இடிஞ்சு உக்காந்த குழாய்க்கு இதெல்லாம் உதவாது, அங்க தோண்டித்தான் ஆகணும். அதுக்குத்தானே முன்னாடியே செய்யுங்கன்னு கத்துறோம்! 2016 டிசம்பர் 24ல அமெரிக்காவோட மிச்சிகன் மாநிலத்துல ஃப்ரேசர்ங்கிற ஊர்ல 11 அடி விட்டமுள்ள சாக்கடைக் குழாய் உடைஞ்சு ரோடும் வீடும் உள்ள இறங்கினதுக்கு அப்புறம் பேசி என்ன பிரயோஜனம்?

எல்லாத்துக்கும் தோண்டு தோண்டுன்னு சொல்றவங்க யாராவது ஆழமான பள்ளத்துக்குள்ள இறங்கி நின்னிருக்கீங்களா? பக்கவாட்டு மண் சரிஞ்சா உள்ள இருக்கிறவனுக்கு ஏறி வர நேரமே கிடைக்காது. அவன் உயிரைப் பத்தி அந்த வீடியோல ஒரு வார்த்தை இல்ல, கைதட்டினவங்க ஒருத்தர்கூட கேக்கல.