அவமானப்படுத்தினால் புத்தி வருமா?

நேற்று முழுவதும் சுற்றிக்கொண்டிருந்த அந்தக் காணொளியை நான் விவரிக்கப் போவதில்லை. பார்த்துச் சிரித்துப் பகிர்ந்தும் விட்டீர்கள். தேர்வில் பார்த்தெழுதிய சிறுவனை வகுப்பின் முன் நிறுத்தி “நான் திருடன்” என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்ததைவிட, “நாலு பேர் முன்னால் அவமானப்பட்டால்தான் புத்தி வரும்” என்று என் நண்பர்களே அதன் கீழ் எழுதியிருந்ததுதான் என்னை உறுத்துகிறது.

புத்தி வராது. அடுத்த முறை பிடிபடாமல் இருக்கும் சாமர்த்தியம் வேண்டுமானால் வரும்.

குற்ற உணர்வும் அவமான உணர்வும் வேறு வேறு என்பதை உளவியலாளர் ஹெலன் பிளாக் லூயிஸ் 1971இலேயே விளக்கிவிட்டார். “நான் செய்தது தவறு” என்று நினைப்பவனுக்கு அந்தச் செயலைச் சரிசெய்ய வழியுண்டு. “நானே தவறு” என்று நினைக்க வைக்கப்பட்டவனுக்கோ ஒளிந்துகொள்வதையும், பழியை வேறு யார் மீதாவது போட்டுச் சீறுவதையும் தவிர வேறு வழி தெரிவதில்லை. எளிதில் அவமானத்துக்கு ஆட்படுபவர்களிடம் சினமும் பிறரைப் பழிக்கும் போக்கும் மிகுதி என்று பின்வந்த ஆய்வுகளும் காட்டுகின்றன. திருத்துகிறோம் என்று சொல்லிக்கொண்டு நீங்கள் வளர்ப்பது இதைத்தான்.

எனக்கு இது ஏட்டுப் படிப்பு மட்டுமல்ல. பள்ளியில் உரக்க வாசிக்கும்போது எனக்குத் திக்கும். ஓர் ஆசிரியர், திக்கிய சொல்லையே மறுபடி மறுபடி வாசிக்கச் சொல்லிவிட்டு, வகுப்பு சிரித்து ஓயும்வரை காத்திருப்பார். காது மடல் கொதிக்கும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தின் ஓரத்தை அழுத்திப் பிடித்த கட்டைவிரலின் ஈரத்தில் தாள் நைந்துபோகும். திக்கல் குறையவில்லை, கூடியது. இதில் நான் செய்த தவறு என்ன? ஒன்றுமில்லை. அவமானம் பிறப்பதற்குத் தவறே தேவையில்லை, எடைபோடும் கண்கள் போதும். வறுமைக்காகவும், நோய்க்காகவும், ஏன், தன்மீது இன்னொருவர் இழைத்த கொடுமைக்காகவும்கூட மனிதர்கள் கூனிக் குறுகுவது இதனால்தான். 208 ஆய்வுகளைத் தொகுத்து 2004இல் வெளியான அலசலில், பிறர் மதிப்பிட்டுக்கொண்டிருக்க, நிலைமையும் தன் கையில் இல்லாதபோதுதான் மனஅழுத்தச் சுரப்பான கார்ட்டிசால் மிக அதிகமாக உயர்ந்தது. அந்தச் சிறுவன் நின்ற இடம் அதுவேதான்.

உடனே, “வள்ளுவரே நாணுடைமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறாரே” என்று வருவீர்கள். ஒதுக்கியிருக்கிறார். அதன் முதல் குறளே “கருமத்தால் நாணுதல் நாணு” என்றுதான் தொடங்குகிறது. தகாத செயலை எண்ணி ஒருவர் தாமே நாணுவதைப் பேசுகிறது. ஊரைக் கூட்டி வைத்து நாணச் செய்யுங்கள் என்னும் குறளை யாராவது காட்டினால் கற்றுக்கொள்கிறேன்.

“அப்படியானால் தண்டனையே கூடாதா?” தாராளமாகத் தண்டியுங்கள். மதிப்பெண்ணைக் கழியுங்கள், மறுதேர்வு வையுங்கள். அதற்குக் கேமரா எதற்கு?

“எங்களையும் இப்படித்தான் வளர்த்தார்கள், நன்றாகத்தானே இருக்கிறோம்” என்பவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி: நன்றாக இருப்பவர்கள், அழும் குழந்தைக்குப் பின்னணி இசை சேர்த்துப் பகிர்வார்களா?

அன்று என் வகுப்பில் சிரித்தவர்கள் சிலர் இன்றும் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களும் நேற்று அதைப் பகிர்ந்திருந்தார்கள். “சின்ன வயது விளையாட்டு, இன்னுமா நினைவில் வைத்திருக்கிறாய்” என்று கேட்பீர்கள். வைத்திருக்கிறேன், யார் எந்த பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தீர்கள் என்பது உட்பட.