ஈகிள்ஸின் முதல் ஆல்பம் 'ஹோட்டல் கலிபோர்னியா' அல்ல

"ஈகிள்ஸ் குழுவின் முதல் ஆல்பமே ஹோட்டல் கலிபோர்னியா, அதில் கிட்டார் வாசித்தவர் ஜோ வால்ஷ்" என்று அமெரிக்க ராக் இசைக்குழுவான ஈகிள்ஸைப் பற்றி ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றி வருகிறது. இரண்டாவது பாதி சரி. முதல் பாதி தவறு.

'ஹோட்டல் கலிபோர்னியா' 1976 டிசம்பரில் வந்த ஐந்தாவது ஆல்பம். முதல் ஆல்பத்தின் பெயர் வெறும் 'ஈகிள்ஸ்'. 1972 ஜூனில் அசைலம் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. அப்போது குழுவில் ஜோ வால்ஷே இல்லை. க்ளென் ஃப்ரே, டான் ஹென்லி, பெர்னி லீடன், ராண்டி மெய்ஸ்னர் என நான்கே பேர். கலிபோர்னியாக் குழுதான், ஆனால் ஒலிப்பதிவு பெரும்பாலும் நடந்ததோ லண்டனில், க்ளின் ஜான்ஸ் தயாரிப்பில்!

அந்த ஆல்பத்தின் முதல் பாடல் 'டேக் இட் ஈஸி'. பாடகரும் பாடலாசிரியருமான ஜாக்சன் பிரௌன் தொடங்கி முடிக்காமல் வைத்திருந்ததை ஃப்ரே முடித்துக் கொடுத்தார். லீடன் வாசித்த பாஞ்சோ என்ற தந்தி வாத்தியமும் நால்வரின் கூட்டுக்குரலும் இன்னும் பழசாகவில்லை. பாட்டில் வரும், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து வின்ஸ்லோ ஊரில் இந்தப் பாட்டுக்கென்றே ஒரு பூங்கா இருக்கிறது, அப்புறம் என்ன! என்னைக் கேட்டால், 'ஹோட்டல் கலிபோர்னியா'வைவிட இதுதான் அலுக்காத ஆல்பம்.

சந்தேகம் இருந்தால் இசைச் செயலியில் இரண்டு ஆல்பங்களின் ஆண்டையும் பாருங்கள். வாசித்தவர்கள் பெயர் உறையிலேயே இருக்கும். அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.