துணிக்கொடியில் தொங்கும் தேன்சிட்டுக் கூட்டை இடம் மாற்ற வேண்டாம்

வீடு தேடி வரும் பறவைகளைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை மகிழ்ச்சி அளித்தது. ஆனால், துணி உலர்த்தும் கொடியில் தேன்சிட்டு கூடு கட்டினால் அதைப் பக்கத்து மரத்துக்கு மாற்றிவிடலாம் என்று அதில் கூறப்பட்டிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு என்னும் வகையில் பெண் பறவைதான் கூட்டைக் கட்டுகிறது. மெல்லிய நார்களைச் சிலந்தி நூலால் பிணைத்து, மரப்பட்டைத் துணுக்குகளை வெளிப்புறத்தில் ஒட்டி, பார்ப்பவருக்குக் காற்றில் சிக்கிய குப்பை போலத் தோன்றும்படி அமைத்துவிடுகிறது. எங்கள் சன்னல் மூலையிலிருந்த ஒட்டடையை அது அலகால் சுருட்டி எடுத்துச் சென்றதைக் கண்ட பிறகு, அந்த மூலையை நாங்கள் துடைப்பதே இல்லை. பெரும்பாலும் இரண்டு முட்டைகள். அடைகாக்க ஏறத்தாழ 15 நாள், குஞ்சுகள் பறந்து வெளியேற மேலும் 17 நாள். ஆக, ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் துணியை வேறிடத்தில் உலர்த்தினால் போதும். கூட்டை மாற்றிக் கட்டினால், இரையுடன் திரும்பும் பறவை பழைய இடத்துக்கே வந்து தேடித் தவிக்க நேரிடும். சர்க்கரைத் தண்ணீர் வைப்பதும் தேவையற்றது. குஞ்சுகளுக்குச் சிலந்திகளும் சிறு பூச்சிகளும் ஊட்டப்படுவதால், அந்நாட்களில் தொட்டிச் செடிகளுக்குப் பூச்சிக்கொல்லி தெளிக்காதிருப்பதுதான் நாம் செய்யக்கூடிய பெரிய உதவி.