திரைக்கு அந்தப் பக்கம்

போன மாதம் ஒரு ஓட்டல் மொட்டை மாடியில் 'ஓபன் ஏர் சினிமா' என்று நண்பர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். ஆளுக்கு 800 ரூபாய். சாய்ந்துகொள்ள பீன் பேக், போர்த்திக்கொள்ள போர்வை, சோளப்பொரி, அப்புறம் காதில் மாட்ட ஒரு ஹெட்போன். படம் நல்ல படம்தான், மேலே நிலாவும் இருந்தது. ஒரு காமெடி வந்தது, வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் யாராவது சிரிக்கிறார்களா பார்ப்போம் என்று ஹெட்போனைக் கழற்றினால் மாடி முழுக்க அமைதி, அங்கொருவர் இங்கொருவர் கிளுக்கென்கிறார், கீழே ஆட்டோ ஓடும் சத்தம். எனக்கு இழவு வீட்டில் தப்பித்தவறிச் சிரித்துவிட்டவன் போல ஆகிவிட்டது.

ஹெட்போன் ஏன் என்று தெரியும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி போடக்கூடாது என்று 2000-இல் விதி வந்தது, நியாயமான விதி, பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும். ஆனால் ஆறரை ஏழுக்கெல்லாம் ஆரம்பித்தால் பத்துக்குள் படம் முடிந்துவிடுமே? நம் ஊரில் சூரியன் விழுந்தால் அரை மணி நேரத்தில் கும்மிருட்டு. சுவிட்சர்லாந்தில் லொகார்னோ என்ற ஊரில் ஒவ்வொரு ஆகஸ்டிலும் நடக்கும் திரைப்பட விழாவில் ஊர் நடுச் சதுக்கத்திலேயே திரை கட்டுகிறார்கள். 26 மீட்டர் அகலம், 14 மீட்டர் உயரம், எதிரே சுமார் 8000 நாற்காலி. சூரிச்சில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் படம் அனுப்பியிருந்தார், மழைக்கோட்டு போட்டுக்கொண்டு அத்தனை பேரும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே கோடையில் சீக்கிரம் இருட்டாது, அதனால் ஒன்பதரை மணிவரை காத்திருந்துதான் படமே தொடங்குகிறது. நமக்கு அந்தக் கஷ்டம்கூட இல்லை, இருட்டு இலவசமாகக் கிடைக்கிறது.

எனக்குத் தெரிந்த திறந்தவெளிச் சினிமா என்றால் அது திரை கட்டிப் படம் போடுவதுதான். புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஒரு நாள் வள்ளி திருமண நாடகம், ஒரு நாள் கரகாட்டம், ஒரு நாள் படம். நான் சொல்வது 1987, 88 வாக்கில். மத்தியானத்திலிருந்தே "பெட்டி வந்துருச்சா, பெட்டி வந்துருச்சா" என்று பஸ் ஸ்டாப்பில் நிற்போம். படச்சுருள் வைத்த தகரப் பெட்டி இறங்கியதும் அதைத் தூக்கப் போட்டா போட்டி. இரண்டு சவுக்குக் கம்பு நட்டு, ஓரத்தில் கறுப்புத் துணி வைத்துத் தைத்த வெள்ளைத் திரையை இழுத்து நாலு பக்கமும் கயிறு போட்டு முளை அடிப்பார்கள். அப்படியும் காற்றடித்தால் திரை பாய்மரம் மாதிரி உப்பும், கதாநாயகிக்குக் கன்னம் வீங்கும், வில்லன் திடீரென்று ஒல்லியாவான். வசனம் பாதி நமக்கு, மீதி காற்று போகிற பக்கம் இருக்கிற ஊருக்கு.

16 எம்.எம். மெஷின், அதுவும் ஒன்றே ஒன்று. 1600 அடி ரீல் முக்கால் மணி நேரம் ஓடும், முடிந்ததும் ஆபரேட்டர் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்டவேண்டும். ஆக ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை. சுக்குக் காபிக்காரருக்குக் கொண்டாட்டம். விளக்கை அணைத்து வெறும் வெளிச்சம் மட்டும் திரையில் விழும் அந்த அரை நிமிஷம் இருக்கிறதே, பையன்கள் எல்லோரும் கையைத் தூக்கி நாய், மான், கொம்பு என்று நிழல் காட்டுவோம், "தலையைக் குனிடா" என்று பின்னாலிருந்து மண்ணாங்கட்டி பறந்து வரும். மழை பெய்து விட்ட நாள் என்றால் வெளிச்சக்குழலுக்குள் ஈசல் பறக்கும். ஆபரேட்டர் துண்டால் லென்ஸைத் தட்டிக்கொண்டே இருப்பார்.

முன்னால் இடம் கிடைக்காத ஒரு வருஷம் நான் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். துணித்திரைதானே, அந்தப் பக்கமும் படம் தெரியும், கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். ஆனால் எல்லாம் இடம் வலமாக. டைட்டிலில் எழுத்தெல்லாம் புரண்டு கிடக்கும், கொம்பு எழுத்துக்குப் பின்னால் வந்து நிற்கும், 'ட' திரும்பிப் படுத்திருக்கும், 'ப' மட்டும் எதுவும் நடக்காததுபோல அப்படியே இருக்கும். ஹீரோ இடது கையால் அடிப்பார், தாலி இடது கைக்காரர் கட்டுவார். எனக்குப் பயங்கர சந்தோஷம். தள்ளுமுள்ளு கிடையாது, காலை நீட்டிப் படுக்கலாம், நட்சத்திரத்தையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். மறுநாள் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன்.

அந்தப் பக்கம் என்னைப்போல ஆசைக்கு ஒருநாள் போனவர்கள் குறைவு என்பது பத்தாம் வகுப்பில்தான் உறைத்தது. காலனியிலிருந்து வரும் நண்பன் ஒருவன் பேச்சுவாக்கில் சொன்னான்: "எம்ஜிஆர் இடது கையாலதான் கத்தி சுத்துவாருன்னு எங்கப்பா ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டு இருந்தாருடா." சிரித்துக்கொண்டேதான் சொன்னான், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அதற்கு என்ன அர்த்தம் என்று புரிந்தது. அவன் அப்பா எல்லாப் படத்தையும் அந்தப் பக்கமிருந்தே பார்த்திருக்கிறார். யாரும் பலகை எழுதி வைக்கவில்லை, எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியவில்லை, தெரியவேண்டிய அவசியம் இல்லாத பக்கத்தில் நான் பிறந்திருந்தேன்.

தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான், அங்கே காசுக்குத்தான் இடம், பிறப்புக்கு இல்லை என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி சொல்லியிருக்கிறார். 1905-இல் ரயில்வே வேலையிலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரை வாங்கி டென்ட் அடித்துப் படம் காட்டக் கிளம்பினாரே, அந்த வழியில் வந்த டூரிங் டாக்கீஸுக்கு அது பொருந்தும். தரை டிக்கெட், பெஞ்ச், சேர், காசைக் கொடு, போய் உட்கார். எங்கள் ஊர் திடலில் டிக்கெட்டே கிடையாது, அதனால்தான் ஊர் தன் பழைய டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தது. அதனால் "அந்தக் காலத்துல எல்லாரும் ஒண்ணா மண்ணா உக்காந்து படம் பார்த்தோம்" என்று யாராவது பதிவு போட்டால் எனக்கு லைக் போடக் கை வருவதில்லை.

ஆனாலும் திறந்தவெளியில் படம் பார்ப்பது பிடிக்காது என்று என்னால் சொல்ல முடியாது. தியேட்டரில் படம் நம்மைப் பிடித்து வைத்திருக்கும். வெளியில் நாம்தான் படத்தைப் பிடித்துக்கொண்டிருக்கவேண்டும், பிடிக்காவிட்டால் எழுந்து போய்க் கடலை வாங்கலாம், அழுகிற சீனில் நாய் குறுக்கே ஓடும், கடைசி பஸ்ஸின் ஹாரன் பின்னணி இசையோடு சேரும். சென்னையில் ஈஞ்சம்பாக்கம் பிரார்த்தனா டிரைவ்-இன்னில் இதில் கொஞ்சம் மிச்சமிருந்தது. காருக்கு வெளியே பாய் விரித்து, டிபன் கேரியரைத் திறந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டே குடும்பம் குடும்பமாகப் பார்ப்பார்கள். அதுவும் போய்விட்டது.

இப்போது ஊர்த் திருவிழாக்களில் எல்.ஈ.டி. திரை வைக்கிறார்கள். பளிச்சென்று இருக்கிறது, சாயங்காலம் ஐந்து மணிக்கே தெரிகிறது, காற்றுக்கு அசைவதில்லை. பின்னால் போய்ப் பார்த்தேன், இரும்புச் சட்டம், ஒயர், சூடான காற்று. அந்தப் பக்கம் யாரையும் உட்காரவைக்க முடியாது, அந்த வகையில் சந்தோஷம்தான். ஆனால் மெஷின் வெளிச்சம் கிடையாது, கையைத் தூக்கினால் நிழல் விழாது. அது பெரிய டிவி, சினிமா இல்லை. என் கருத்து, சண்டைக்கு வரலாம்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இரவல் புரொஜக்டர் ஒன்றைக் கொண்டுபோய், அத்தை வீட்டு எட்டு முழ வேட்டித் துணி இரண்டைச் சேர்த்துத் தைத்துத் தெருமுனைத் திடலில் கட்டினேன். பழைய கத்திச்சண்டைப் படம் ஒன்று. முப்பது பேர் வந்திருப்பார்கள். அந்த நண்பனும் காலனியிலிருந்து மகனோடு வந்தான், ஆறு வயசுப் பையன். படம் போட்டு ஐந்து நிமிஷத்தில் பையனைக் காணோம். பார்த்தால் திரைக்குப் பின்னால் மணலில் மல்லாந்து கிடக்கிறான். "முன்னாடி வந்து உக்காருடா" என்று நண்பன் கூப்பிட்டான். "இங்கதாம்ப்பா காலை நீட்டலாம்" என்று பதில் வந்தது. நண்பன் என்னைப் பார்த்தான். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு அவனே எழுந்துபோய்ப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்து, திரைக்கு நேர் எதிரே எல்லோருக்கும் முன்னால் தன் மடியில் உட்காரவைத்துக்கொண்டான். பையனின் தலை நிழல் படம் முடியும்வரை திரையின் அடியில் ஆடிக்கொண்டே இருந்தது. யாரும் தலையைக் குனியச் சொல்லவில்லை.