டைம்-அவுட்டின் 30 விநாடிகள்

போன வாரம் ஓமலூர் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் மகளின் வாலிபால் மேட்ச். கடைசி செட். எங்கள் பெண்கள் 11, எதிரணி 12. சர்வீஸ் என் மகள் கைக்கு வந்தது. அதற்கு முன் அவள் போட்ட இரண்டு சர்வீஸும் வலையில் விழுந்திருந்தன. பி.டி. மிஸ் டைம்-அவுட் கேட்டார்.

நான் கயிற்றை ஒட்டி நின்றிருந்ததால் அவர் பேசியது முழுவதும் கேட்டது. குரலை உயர்த்தவே இல்லை. "விசில் அடிச்சப்புறம் 8 செகண்டு இருக்கு கண்ணு. அவ்வளவும் உன்னோடது. பந்தை ரெண்டு தட்டு தட்டு, மூச்சு விடு. பின்னாடி மூலையில நிக்குதே பச்சை ரிப்பன் பொண்ணு, அதுகிட்ட அனுப்பு." அவ்வளவுதான். மிச்ச நேரம் பிள்ளைகள் தண்ணீர் குடித்தார்கள்.

விசில் அடித்தது. மகள் பந்தை இரண்டு முறை தரையில் தட்டினாள். அவள் தோள் இறங்கியது எனக்கே தெரிந்தது. பந்து போய் அந்தப் பெண்ணின் கையில் பட்டு வெளியே தெறித்தது. 12-12. கடைசியில் 13-15 என்று தோற்றுவிட்டோம். ஆனாலும் அந்த டைம்-அவுட் இன்னும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நான் பத்தாவது படிக்கும்போது பள்ளி டீமில் செட்டர், அதாவது அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன். எங்கள் மாஸ்டருக்கு டைம்-அவுட் என்றால் திட்டுவதற்கான நேரம். ஒரு மேட்சில் எல்லார் முன்னாலும், "உன்னைப் போய் டீம்ல எடுத்தேன் பாரு" என்றார். அதன் பிறகு பந்து என் பக்கம் வராமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டே ஆடினேன். நான் பந்துக்குக் கீழே ஒரு எட்டு தாமதமாக வருகிறேன், அதனால்தான் தூக்கிக் கொடுக்கும் பந்து கோணலாகிறது என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த வருடம் ஒரு சீனியர் அண்ணன்தான் சொன்னார். அதற்குள் நான் டீமை விட்டிருந்தேன்.

திட்டினால்தான் ரோஷம் வரும் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். வரும், சரி. ஆனால் ரோஷத்தில் கை இறுகிப்போகும். இறுகின கையில் சர்வீஸ் நிற்காது. "நெட்ல அடிக்காதே" என்று கத்தினால் பிள்ளையின் கண் நெட்டுக்குத்தான் போகும். எங்கே அடிக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். அதுவும் ஒன்றே ஒன்று. 30 விநாடியில் ஐந்து விஷயம் சொன்னால் ஒன்றுகூடத் தங்காது.

நம் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதில் பேருந்து ஏறிக் கால் நசுங்கியவர். பள்ளியில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவரை உயரம் தாண்டிப் பார் என்று ஊக்கப்படுத்தியது அவருடைய உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். அப்புறம் டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். மைதானத்தில் அந்தப் பையனைக் கவனித்துப் பார்த்த ஒரு கண் முதலில் இருந்திருக்கிறது. பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்கும் பள்ளிகளில் அந்தக் கண்ணுக்கு வேலை எங்கே?

எங்கள் மிஸ் ஒன்றும் இளக்காரம் கொடுப்பவர் இல்லை. காலை 6 மணிக்கு ஐந்து நிமிடம் பிந்தினால் கிரவுண்டைச் சுற்றி ஓடியே ஆக வேண்டும். தப்பைத் தப்பு என்றுதான் சொல்வார். ஆனால் அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, செய்துகாட்டிச் சொல்வார். தோற்ற அன்று பேசவே மாட்டார். வாழைப்பழம் கொடுத்து வேனில் ஏற்றிவிடுவார். மறுநாள்தான் கேட்பார், "நேத்து எந்த இடத்துல பயந்த?" என்று. அந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் உண்மையைச் சொல்கிறார்கள். அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது அங்கேதான்.

அன்று நானும் ஓரத்தில் நின்று, "ஒழுங்கா போடு, ஒழுங்கா போடு" என்று கத்திக்கொண்டுதான் இருந்தேன். மேட்ச் முடிந்ததும் மிஸ் என்னிடம் வந்து, "அப்பா, ஆடுறப்ப அவளுக்கு ஒரு குரல் கேட்டாப் போதுங்க" என்றார். வரும் சனிக்கிழமை அடுத்த மேட்ச். கயிற்றுப் பக்கம் போகாமல் வேப்பமரத்தடியில் உட்காரப் போகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.