பக்கத்து வீடு நிற்பது பக்கத்து மண்ணில்

வீடு கட்டும் முன் மண்ணைச் சோதியுங்கள் என்று ஞாயிற்றுக்கிழமை அந்த மனையில் நான் சொன்னபோது நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். "பக்கத்து வீட்டுக்கு நான்கடிதான் அஸ்திவாரம், பத்து வருடமாக நிற்கிறது. இவர் மண் பரிசோதனை என்று சொல்லிப் பயமுறுத்துகிறார்" என்று அத்தனை பேர் முன்னிலையில் என்னைச் சொன்னார்கள். பேசாமல் வந்துவிட்டேன். இன்னும் மனம் ஆறவில்லை.

பக்கத்து வீடு நிற்பது பக்கத்து மண்ணில், உங்கள் மண்ணில் அல்ல. நடுவில் ஒரு மதில்தான் என்றாலும், இந்தப் பக்கம் சரளையும் அந்தப் பக்கம் யாரோ எப்போதோ தூர்த்த பள்ளமும் இருக்கலாம். மேலே இரண்டும் ஒரே நிறம்.

சரளை கலந்த செம்மண் பொதுவாக மழைக்கும் வெயிலுக்கும் பெரிதாக அசையாது. கரிசல் அப்படியா? அதிலுள்ள மாண்ட்மொரில்லோனைட் என்ற களிமண் கனிமம் நீரைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். மேலே நிற்கும் வீடும் கூடவே ஏறி இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் பருவத்துக்குப் பருவம் அகன்று ஒடுங்கினால், எத்தனை முறை பூசினாலும் அது திரும்ப வரும். மணலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. நீர் நிறைந்த தளர்ந்த மணல் நிலநடுக்கத்தில் குழம்பாகிவிடும். 1964இல் ஜப்பானின் நீகாத்தாவில் அடுக்குமாடிக் கட்டடங்கள் உடையாமல் அப்படியே சாய்ந்து படுத்தன. சுவர் கெட்டியாகத்தான் இருந்தது, மண்தான் கைவிட்டது.

"அந்தக் காலத்தில் யார் சோதித்தார்கள்?" என்பீர்கள். 1173இல் தொடங்கிய பைசா கோபுரம் கட்டி முடிவதற்குள்ளேயே சாய்ந்தது, அடியில் மென்மையான களிமண். நின்ற பழைய வீடுகள்தாம் நம் கண்ணில் படுகின்றன. விழுந்தவற்றை யார் எண்ணினார்கள்? செலவு என்பீர்கள். செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் மண் பரிசோதனையில் துளைக்குள் ஒரு குழாயை இறக்கி, அதோடு இணைந்த கம்பியின் தலையில் 63.5 கிலோ சுத்தியலைச் சுமார் 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டும் என்று எண்ணுகிறார்களே, அந்த எண்ணுக்கு முகதாட்சண்யம் கிடையாது.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டைப் பார்த்துத்தான் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினோம். மூன்றாம் வருடம் சமையலறைச் சுவர் பிளந்தது. சிமெண்டில் கைவைத்துவிட்டாய் என்று அப்பா மேஸ்திரியை வாசலில் நிற்கவைத்துத் திட்டினார். அவர் விரிசலை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தார். "ஐயா, கலவையில் நான் குறை வைக்கவில்லை" என்றார். அதன் பிறகு எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. பல வருடம் கழித்துத் துளையிட்டபோது, வீட்டின் முன்பக்கம் கெட்டிச் சரளை. சமையலறைக்கு அடியில் ஓட்டாஞ்சில்லும் சாம்பலும் கலந்த நிரப்பு மண். அப்பா அதைக் கையில் அள்ளிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை என்னைச் சொன்னதைக்கூட விடுங்கள். "மேஸ்திரி ஒழுங்காகக் கட்டினால் எந்த மண்ணும் தாங்கும்" என்று கடைசியில் சொன்னார்களே, அப்போது அந்த இளம் மேஸ்திரி கடப்பாரையோடு பக்கத்தில்தான் நின்றிருந்தார். சுவர் பிளந்தால் முதலில் அவரைத்தான் கூப்பிட்டு வாசலில் நிறுத்துவார்கள்.